வால்வின் இதமும் ஒரு 2 ஓம் மின்தடையும்

அன்றைக்கு 16 தடவையில் 15 தடவை சரியாகச் சொன்னேன். திரைக்குப் பின்னால் ஓடும் ஆம்ப் (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர்) பழைய கண்ணாடி வால்வு வகையா, டிரான்சிஸ்டர் வகையா என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத் தாளில் குறிக்க வேண்டும். வெறும் ஊகத்தில் குறித்தால் 16-க்கு 12 அல்லது அதற்கு மேல் சரியாக வர நூற்றில் நான்குக்கும் குறைவான வாய்ப்புதான். 15 என்பது தற்செயலாக வருகிற எண்ணே அல்ல. நண்பர்கள் கைதட்டினார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமிதம். எங்களில் மூத்தவர் மட்டும் கைதட்டவில்லை. ரேடியோ பழுதுபார்ப்பிலேயே வாழ்நாளைக் கழித்தவர். நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். "தம்பி, நீ கேட்டது பாட்டையா, பாட்டு தொடங்குறதுக்கு முன்னால இருந்த அமைதியையா?" என்றார்.

பதில் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் ஒரு நொடி மௌனம் உண்டு. வால்வு ஆம்ப் ஓடும்போது அந்த ஒரு நொடியில் ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய 'ம்ம்ம்' வரும். அதைக் கேட்டதுமே முடிவு செய்துவிட்டு, பிறகு வந்த பாட்டில் 'இதம்', 'ஆழம்' எல்லாவற்றையும் கண்டுகொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை, அந்த இதம் எனக்கு உண்மையாகவே கேட்டது. ஆனால் காது அதை எடுத்த இடம் வேறு.

அந்தக் கேள்விக்குப் பிறகு ஏறக்குறைய ஓராண்டு நாங்கள் செய்து பார்த்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆம்ப்ளிஃபையர் வகைகளை ஒப்பிட்டுக் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு, நாங்கள் இழந்த நேரமும் கருகவிட்ட ஒரு பலகையும் மிச்சமாகட்டும்.

எங்களிடம் இருந்தவை இவை. முதலாவது என்னுடைய 300பி வால்வு ஆம்ப். 300பி என்பது வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 1938-இல் கொண்டுவந்த டிரையோடு, அதாவது மூன்று மின்முனைகள் கொண்ட வால்வு. சேனலுக்கு ஒரே வால்வு, ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பகுதியை உள்ளீட்டுக்குத் திருப்பிப் பிழையைத் திருத்தும் முறை) கிடையாது, கிடைப்பது 8 வாட். இரண்டாவது பல ஆண்டுகள் பழகிய ஒரு கிளாஸ் ஏபி டிரான்சிஸ்டர் ஆம்ப் (அலையின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் பங்கிட்டுக்கொள்ளும் வகை), 50 வாட். மூன்றாவது நண்பர் ஒருவர் எல்எம்3886 என்ற ஆம்ப்ளிஃபையர் சிப்பை வைத்துச் சொந்தமாகக் கட்டியது. நான்காவது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கிளாஸ் டி பலகை (டிரான்சிஸ்டர்களை மிக வேகமாகப் போட்டும் அணைத்தும் இயக்கும் வகை). ஐந்தாவது, ஜான் லின்ஸ்லி ஹுட் 1969-இல் வெளியிட்ட 10 வாட் கிளாஸ் ஏ வடிவமைப்பு, வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் ஒருபோதும் அணையாத வகை. பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் சேனலுக்கு 30 வாட்டுக்கு மேல் வெப்பமாகக் கக்கிக்கொண்டிருக்கும். அதன் ஹீட்சிங்க்கில் கை வைத்தால் எடுக்கத்தான் தோன்றும்.

வால்வு இதமாக இருக்கும், டிரான்சிஸ்டர் வறட்சியாக இருக்கும், கிளாஸ் ஏ பட்டுப்போல இருக்கும், கிளாஸ் டி உயிரில்லாமல் இருக்கும். இந்த நான்கு வாக்கியங்களை நாங்களும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான்.

அண்ணன் முதலில் செய்யச் சொன்னது சத்த அளவைச் சமன்படுத்துவது. அதற்கு முன்னால் நாங்கள் ஒப்பிட்ட விதம் எளிது: ஒரு ஆம்ப்பைக் கழற்றுவோம், இன்னொன்றை மாட்டுவோம், வால்யூமைக் 'கிட்டத்தட்ட அதே' இடத்துக்குக் கொண்டுவருவோம். இந்தக் கிட்டத்தட்டவில்தான் எல்லாம் கெடுகிறது. ஒரு டெசிபலுக்கும் குறைவாகச் சத்தம் கூடினால், சத்தம் கூடிவிட்டது என்று காது சொல்லாது. தெளிவு கூடியிருக்கிறது, பேஸ் நிறைந்திருக்கிறது, பாடகர் நெருங்கி வந்திருக்கிறார் என்றுதான் சொல்லும். சத்தம் ஏற ஏறத் தாழ்ந்த ஒலிகளை நாம் கூடுதலாக உணர்கிறோம் என்பதை ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே வளைவுகளாக வரைந்து காட்டிவிட்டார்கள். அதே மன்சன்தான் 1950-இல் கார்ட்னருடன் சேர்ந்து, ஏ, பி இரண்டையும் கேட்டுவிட்டு எக்ஸ் எது என்று சொல்லும் சோதனை முறையையும் விவரித்தார். இன்று ஏபிஎக்ஸ் என்று நாம் சொல்வது அங்கிருந்து வந்ததுதான்.

சமன்படுத்தும் முறை கடினமில்லை. 400 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு, ஸ்பீக்கர் இணைந்திருக்கும்போதே அதன் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்டில் வைத்துப் பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர்கள் உயர் அதிர்வெண்களில் தடுமாறும் என்பதால்தான் 400. ஒரு ஆம்ப்பில் 2.00 வோல்ட் வந்தால் மற்றதிலும் 2.00 வர வேண்டும், 2.02 வரைக்கும் விடலாம், அது 0.1 டெசிபலுக்குச் சற்றுக் கீழே. 2.10 வந்தால் 0.4 டெசிபல், அதை விடக்கூடாது. ஆம்ப்பின் சொந்த வால்யூம் குமிழை நம்பாமல், ஒவ்வொரு ஆம்ப்புக்கும் முன்னால் ஒரு சிறிய டிரிம் பாட் (திருகி அளவை மாற்றும் மின்தடை) வைத்துச் சரிசெய்தோம். இரண்டு சேனல்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும். எங்கள் பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இடது வலதுக்கு நடுவே முக்கால் டெசிபல் வித்தியாசம் இருந்தது. அதன் 'மேடை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது' என்று எத்தனை நாள் பேசியிருப்போம்!

கிளாஸ் டி ஆம்ப்பில் ஒரு கூடுதல் கவனம் தேவை. அதன் வெளியீட்டில் பல நூறு கிலோஹெர்ட்ஸ் சுவிட்ச்சிங் மிச்சம் கொஞ்சம் கலந்திருக்கும். சில மீட்டர்கள் அதையும் சேர்த்துக் காட்டிக் குழப்பும். மீட்டருக்கு முன்னால் தொடரில் 1 கிலோஓம், மீட்டர் முனைகளின் குறுக்கே 10 நானோஃபாரட் கபாசிட்டர் வைத்தால் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளது வடிந்துவிடும்.

இனி, பலகை கருகிய கதை. உடனுக்குடன் மாற்றிக் கேட்க ஒரு சுவிட்ச் பெட்டி செய்தோம். நான்தான் வயரிங் செய்தேன். ஸ்பீக்கரின் நேர்முனையை மட்டும் ரிலே (மின்சாரத்தில் இயங்கும் சுவிட்ச்) மாற்றும்; எதிர்முனைகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் அது ஒழுங்காக வேலை செய்தது. கிளாஸ் டி பலகையை இணைத்துக் கரண்ட் கொடுத்த கணத்தில் சின்னதாக ஒரு 'டப்', கூடவே கருகல் வாடை. அந்த மாதிரிப் பலகைகளில் பெரும்பாலானவை பிரிட்ஜ் முறை. ஸ்பீக்கரின் இரண்டு முனைகளும் உயிருள்ளவை, இரண்டிலும் சப்ளையின் பாதி வோல்ட் நிற்கும், எதுவும் கிரவுண்ட் இல்லை. எதிர்முனை என்று நினைத்து நான் கிரவுண்டோடு சேர்த்தது ஒரு வெளியீட்டையே ஷார்ட் செய்தது. பாதுகாப்புச் சுற்று இருந்தும் பலகை பிழைக்கவில்லை. நண்பருடைய பலகை அது. இன்றைக்கும் நினைத்தால் மனம் கனக்கிறது. சுவிட்ச் பெட்டி செய்கிறவர்கள் இரண்டு முனைகளையும் சேர்த்து மாற்றும் இரட்டை ரிலேவையே போடுங்கள்.

அதே பெட்டியில் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருந்தது. அண்ணன் பார்த்துத் தடுத்தார். டிரான்சிஸ்டர் ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓடவிட்டால் ஒன்றும் ஆகாது. வால்வு ஆம்ப் அப்படியல்ல. சிக்னல் ஓடும்போது சுமை இல்லாமல் போனால், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் முதன்மைச் சுருளில் வோல்ட் எகிறி இன்சுலேஷனே உடையலாம். அதனால் ஸ்பீக்கர் வேறு ஆம்ப்புக்குப் போகும்போதெல்லாம் வால்வு ஆம்ப்புக்கு 8 ஓம், 50 வாட் டம்மி லோடு (ஸ்பீக்கருக்குப் பதிலாக நிற்கும் மின்தடை) தானாக இணைகிற மாதிரி ரிலேவை மாற்றினோம். ஆம்ப்பைத் திறக்கிறவர்களுக்கும் ஒரு சொல். உள்ளே 400 வோல்ட் அளவில் டிசி உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ஒரு மின்தடை வழியாக வடித்து, மீட்டரில் பார்த்து உறுதிசெய்யாமல் கையை உள்ளே விடாதீர்கள்.

இரைச்சலுக்கு வருகிறேன். 300பி-இல் சூடாகும் இழையேதான் எலக்ட்ரானை உமிழும் கேத்தோடும். இழைக்கு ஏசி கொடுத்தால் அந்த ஏசியின் நிழல் இசையில் விழும். அதை அடக்க ஒரு சமநிலைக் குமிழ் இருக்கும். அதை மெல்லத் திருகி முடிந்தவரை குறைத்தோம். பதிவுகளின் தொடக்க மௌனத்தை வெட்டினோம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றினோம். ரிலேவின் 'டிக்' ஓசைகூட ஏ-யிலிருந்து பி-க்குப் போகும்போது ஒருமாதிரி, திரும்பும்போது வேறுமாதிரி கேட்டது. ஆகவே மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு தடவை 'டிக்' வருகிற மாதிரி செய்தோம். காசு சுண்டி வரிசையைத் தீர்மானித்தவர் அடுத்த அறையில் இருந்தார். கேட்கிறவரோடு பேச்சே கிடையாது.

இத்தனைக்கும் பிறகு மறுபடி உட்கார்ந்தேன். 16-க்கு 14.

இந்தத் தடவை அண்ணனும் முகம் மலர்ந்தார். "சரி, நிஜமாவே ஏதோ கேட்குது. அது என்னன்னு பார்த்துடுவோம்" என்றார். எனக்கு அது எதுவென்று சொல்லவே முடிந்தது. ஒரு புல்லாங்குழல் பதிவு வைத்திருந்தோம். வால்வில் குழல் ஓரடி முன்னால் வந்து நிற்கும். பெண்குரலிலும் அதே நெருக்கம். பேஸ் கொஞ்சம் கூடுதலாக, கொஞ்சம் தளர்வாக, ஒரு இழுவையோடு வரும். நான் பல ஆண்டுகளாக வால்வின் இதம் என்று சொல்லிவந்தது இதைத்தான்.

அண்ணன் ஸ்பீக்கரை மாற்றச் சொன்னார். ஆம்ப்புகள் அதே, பாட்டுகள் அதே, அறை அதே. நண்பரின் ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. கிராஸ்ஓவரில் (தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் உச்ச ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் சுற்று) இம்பீடன்ஸை, அதாவது அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறும் மின்தடையை, சமன்படுத்தும் கிளைச்சுற்றுகள் சேர்த்து அவரே செய்தது. அதில் நான் பெற்றது 16-க்கு 9. மற்றவர்களுக்கு 7, 10, 8. காசு சுண்டினாலும் இதே எண்கள்தான் வந்திருக்கும்.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வால்வு அதே வால்வு. அதன் இதம் எங்கே போனது?

மறுவாரம் அண்ணன் இரண்டு தாள்களோடு வந்தார். இரண்டு ஸ்பீக்கர்களின் இம்பீடன்ஸையும் அதிர்வெண்வாரியாக அளந்து வரைந்திருந்தார். 8 ஓம் என்று பின்னால் எழுதியிருக்கிற என்னுடைய ஸ்பீக்கர், 400 ஹெர்ட்ஸில் 6 ஓம். பேஸ் ரெசனன்ஸில் (வூஃபர் இயல்பாகவே அதிரும் தாழ்ந்த அதிர்வெண்ணில்) 25 ஓம் வரை ஏறுகிறது. வூஃபரும் ட்வீட்டரும் கைமாறுகிற 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மறுபடி 22 ஓமுக்கு ஒரு மேடு. நண்பரின் ஸ்பீக்கரோ பேஸிலிருந்து உச்சம் வரை 6-க்கும் 8-க்கும் நடுவிலேயே நிற்கிறது.

இதற்கு ஜோடியாக ஆம்ப்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் தெரிய வேண்டும். வால்வு ஆம்ப்பைச் சுமையில்லாமல் அளக்கக் கூடாது என்பதால் 16 ஓம், 8 ஓம் என்று இரண்டு டம்மி லோடுகளில் அளந்தோம். 16 ஓமில் 2.67 வோல்ட், 8 ஓமில் 2.40 வோல்ட். வோல்ட் குறைந்தது 0.27, கரண்ட் 0.167 ஆம்பியரிலிருந்து 0.30-க்குக் கூடியது, அதாவது 0.133. வகுத்தால் 2 ஓம். காகிதக் கணக்கும் ஒத்துப்போகிறது: 300பி-யின் உள்மின்தடை 700 ஓம்; 3000 ஓமை 8 ஓமாக மாற்றும் டிரான்ஸ்ஃபார்மர் வழியே பார்த்தால் அது 1.9 ஓம் ஆகும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் அளந்தபோது 0.05 ஓமுக்கு அருகில். ஹெரால்டு பிளாக் 1927-இல் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்த எதிர் ஃபீட்பேக் செய்யும் வேலை அது. ஃபீட்பேக் இல்லாத என் வால்வு ஆம்ப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆம்ப்பின் 2 ஓமும் ஸ்பீக்கரும் வோல்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 6 ஓம் இருக்கும் இடத்தில் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது நான்கில் மூன்று பங்கு. 22 ஓம் இருக்கும் இடத்தில் பன்னிரண்டில் பதினொரு பங்கு. டெசிபலில் சொன்னால், நாங்கள் சமன்படுத்திய 400 ஹெர்ட்ஸோடு ஒப்பிட 2 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 1.7 டெசிபல் உயர்ந்து நிற்கிறது. பேஸ் ரெசனன்ஸிலும் அதே அளவு உயர்வு. குரலும் குழலும் முன்னால் வந்தது அதனால்தான். வூஃபருக்குக் கடிவாளம் தளர்ந்ததால் பேஸ் இழுத்தது. டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் இதே மேடுகள் 0.1 டெசிபலைக்கூடத் தொடுவதில்லை. ஆக, நான் வால்வின் குணம் என்று நினைத்தது, வால்வும் என் ஸ்பீக்கரும் சேர்ந்து போட்ட ஒரு ஈக்வலைசர்.

"அப்படின்னா டிரான்சிஸ்டர்லயும் அதைக் கொண்டுவரலாமே அண்ணே" என்றார் சிப் ஆம்ப் கட்டிய நண்பர். ஸ்பீக்கர் ஒயரில் தொடராக ஒரு 2 ஓம், 20 வாட் மின்தடை. அவ்வளவுதான் செய்தோம். சத்தத்தை மறுபடி சமன்படுத்தி, என் சொந்த ஸ்பீக்கரில், திரை போட்டு, 300பி-யையும் மின்தடை போட்ட டிரான்சிஸ்டர் ஆம்ப்பையும் கேட்டேன். குழல் ஓரடி முன்னால் வந்து நின்றது, இரண்டிலும். எண்ணிக்கை 16-க்கு 8.

ஒரு ஆம்ப்பை இன்னொன்றைப் போல ஆக்கும் இந்த வேலையை எங்களுக்கு வெகு காலம் முன்பே ஒருவர் பகிரங்கமாகச் செய்து காட்டியிருக்கிறார் என்பதைப் பிறகு படித்தேன். 1985-இல் ஆம்ப் வடிவமைப்பாளர் பாப் கார்வர், ஸ்டீரியோஃபைல் பத்திரிகையின் விமர்சகர்கள் முன்னிலையில், தன் டிரான்சிஸ்டர் ஆம்ப்பை அவர்கள் மதித்த ஓர் உயர்தர ஆம்ப்பைப் போல ஒலிக்க வைத்தார். இரண்டின் வெளியீட்டையும் எதிரெதிராகக் கழித்து, மிச்சம் மறையும்வரை தன்னுடையதைத் திருத்திக்கொண்டே போனார். முடிவில் விமர்சகர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் எல்லா ஆம்ப்புகளும் ஒன்றுதானா? இல்லை. அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்களோடும் எனக்கு ஒப்புதல் இல்லை. ஈக்வலைசரைக் கழித்த பிறகும் மீதி இருக்கிற வேறுபாடுகளை நாங்கள் தேடிப்போய்க் கேட்டிருக்கிறோம்.

பெரியது, ஆம்ப் தன் எல்லையைத் தொடும் இடம். என் ஸ்பீக்கரின் திறன் 1 வாட்டுக்கு ஒரு மீட்டரில் 86 டெசிபல். சாதாரணமாகக் கேட்கும்போது சராசரியாக 1 வாட்டே அதிகம். ஆனால் தாளவாத்தியத்தின் அடி சராசரியை விட 12 டெசிபல் மேலே போகிறது என்றால், அந்தக் கணத்துக்கு 16 வாட் வேண்டும். 8 வாட் ஆம்ப்பிடம் அது இல்லை. அலைக்காட்டியில் பார்த்தபோது 300பி-இல் உச்சிகள் வழவழப்பாக வளைந்து மழுங்கின. காதுக்கு அது உடைந்ததுபோலவே இல்லை, அடி கொஞ்சம் தடித்துச் சத்தம் நிறைந்ததுபோல இருந்தது. 50 வாட் ஆம்ப்பில் அதே அடி சுத்தமாக, விளிம்போடு வந்தது. அந்த மிருதங்கப் பதிவில் மட்டும் சத்தத்தைக் கூட்டி வைத்தால், மின்தடை போட்டாலும் போடாவிட்டாலும் நான் இன்றைக்கும் சரியாகச் சொல்வேன். டிரான்சிஸ்டர் ஆம்ப்பை அதன் எல்லைக்குத் தள்ளினால் கதை தலைகீழ்: உச்சி கத்தியால் அறுத்தாற்போல் தட்டையாகும், உடனே காதில் குத்தும். எனவே வாங்குவதற்கு முன் வகையைப் பார்ப்பதைவிட உங்கள் ஸ்பீக்கரின் திறனையும் நீங்கள் கேட்கும் சத்தத்தையும் வைத்து வாட் கணக்குப் போடுங்கள். 3 டெசிபல் கூட இரண்டு மடங்கு வாட், 10 டெசிபல் கூடப் பத்து மடங்கு.

இரண்டாவது எங்களுக்கே எதிர்பாராதது. பழைய கிளாஸ் ஏபி ஆம்ப்பில் தம்புராவைத் தாழ்ந்த சத்தத்தில் வைத்தால், நாதம் தேய்ந்து மறையும் இடத்தில் லேசான பிசிறு கேட்டது. சத்தத்தைக் கூட்டினால் அது காணாமல் போகும். வால்வில் வரும் டிஸ்டார்ஷன் பெரும்பாலும் இரண்டாவது ஹார்மோனிக். அது அதே ஸ்வரத்தின் மேல்ஸ்தாயி என்பதால் தம்புராவின் நாதத்துக்குள் கரைந்துபோகும். இந்தப் பிசிறு கரையவில்லை. எமிட்டர் மின்தடையின் குறுக்கே அளந்தால் 1 மில்லிவோல்ட்கூட இல்லை. காலப்போக்கில் பயாஸ் (பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடவிடும் சிறு கரண்ட்) நகர்ந்து ஒரு டிரான்சிஸ்டர் விட்டதற்கும் மற்றது எடுப்பதற்கும் நடுவே பள்ளம் விழுந்திருந்தது. சர்வீஸ் குறிப்பில் இருந்த அளவுக்கு, அரை மணி நேரம் சூடேறிய பிறகு, திருகிச் சரிசெய்தோம். பிசிறு போய்விட்டது. 'டிரான்சிஸ்டரின் வறட்சி' என்று நாங்கள் பேசியதில் ஒரு பகுதி இந்தப் பழுது. கிளாஸ் ஏ-இல் இந்தப் பள்ளத்துக்கே இடமில்லை, உண்மைதான். ஆனால் சரியாக பயாஸ் செய்த ஏபி ஆம்ப்போடு வைத்து லின்ஸ்லி ஹுட் ஆம்ப்பைக் கேட்டபோது எங்களில் யாராலும் பிரிக்க முடியவில்லை.

சிப் ஆம்ப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது எந்தச் சோதனையிலும் தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை.

கிளாஸ் டி-க்கு நண்பர் புதுப் பலகை வாங்கினார். அதன் கடைசியில் உள்ள, கம்பிச்சுருளும் கபாசிட்டரும் சேர்ந்த வடிகட்டி குறிப்பிட்ட ஒரு சுமையை மனதில் வைத்துக் கணக்கிட்டது. ஃபீட்பேக்கை அந்த வடிகட்டிக்கு முன்னாலேயே எடுக்கும் பலகைகளில், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் மேலே ஏறினால் உச்ச ஸ்தாயியில் ஒரு மேடு வரும், இறங்கினால் சரிவு வரும். எங்கள் பலகை 4 ஓமுக்கானது. என் ட்வீட்டர் உச்சத்தில் 10 ஓமுக்கு மேல். ஜாலராவில் ஒரு மினுமினுப்புக் கூடியது அதனால். எங்களில் இளையவருக்கு அது தெளிவாகக் கேட்டது, அண்ணனுக்குக் கேட்கவே இல்லை. வயதோடு உச்ச அதிர்வெண்கள் காதைவிட்டுப் போய்விடுகின்றன. வடிகட்டிக்குப் பின்னால் ஃபீட்பேக் எடுக்கிற வடிவமைப்புகளில் இந்தச் சிக்கல் பெரிதாக இருக்காது. 'கிளாஸ் டி இப்படித்தான் ஒலிக்கும்' என்று யாராவது சொன்னால், எந்த வகை ஃபீட்பேக், எந்த ஸ்பீக்கர் என்று கேளுங்கள்.

வால்வுக்கும் இதே கேள்வி பொருந்தும். பிற்பாடு ஒரு நண்பர் இஎல்34 வால்வுகள் ஜோடியாக இயங்கும் புஷ்-புல் ஆம்ப் கொண்டுவந்தார், நல்ல ஃபீட்பேக்கோடு. பொறியாளர் வில்லியம்சன் 1947-இல் வெளியிட்ட வால்வு ஆம்ப் வழியில் வந்தது. வால்வுகள் அதே அழகோடு ஒளிர்ந்தன. ஆனால் சத்தம் அளவோடு இருந்தவரை அது என் ஸ்பீக்கரில் டிரான்சிஸ்டரிலிருந்து பிரியவில்லை. 300பி-யோடு வைத்தால் உடனே பிரிந்தது. வால்வுக்கும் வால்வுக்கும் இடையில் இருந்த தூரம், வால்வுக்கும் டிரான்சிஸ்டருக்கும் இடையில் இருந்ததைவிட அதிகம்!

கண்ணைத் திறந்து கேட்பது பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் மாலை வால்வுகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. நான் கண்ணை மூடி லயித்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பார்த்தேன், சுவிட்ச் டிரான்சிஸ்டர் பக்கம் இருந்தது. அந்த ஒரு மணி நேர லயிப்பு பொய்யில்லை. அந்த ஒளியும் இசை கேட்பதில் ஒரு பங்கு. அதை யாரும் கைவிட வேண்டாம். ஆனால் எந்த ஆம்ப் எப்படி ஒலிக்கிறது என்று இன்னொருவருக்குச் சொல்லும் நேரத்தில் அதைக் கலக்கக் கூடாது. நீண்ட நேரம் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும் என்கிறவர்களும் உண்டு. நாங்கள் அதையும் செய்தோம்: பெட்டியை மூடி முத்திரை வைத்து, எது ஓடுகிறது என்று தெரியாமல் ஒரு வாரம் கேட்பது. ஒரு வாரம் கேட்டபோதைவிட, இரண்டு மூன்று நொடித் துண்டுகளை உடனுக்குடன் மாற்றிக் கேட்டபோதுதான் எங்களுக்கு எப்போதும் கூடுதலாகப் பிடிபட்டது. ஒலியின் நுணுக்கம் நினைவில் நெடுநேரம் தங்குவதில்லை.

இப்போது என் ஸ்பீக்கர்களை ஓட்டுவது அந்தக் கிளாஸ் ஏபி ஆம்ப், பயாஸ் சரிசெய்தது. அதன் பின்பக்கம் ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயரிலும் அந்த 2 ஓம் மின்தடையை வைத்து, வேண்டியபோது சேர்க்கவும் விலக்கவும் ஒரு சின்ன சுவிட்ச் போட்டிருக்கிறேன். மெலிந்து ஒலிக்கும் பழைய குரல் பதிவுகளுக்குச் சேர்ப்பேன். தாளம் மிகுந்தவற்றுக்கு விலக்குவேன். 300பி பக்கத்து அலமாரியில் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு முறையாவது ஏற்றிவைக்காமல் இருக்க முடிவதில்லை.

போன வாரம் அண்ணன் வந்திருந்தார். அந்தப் புல்லாங்குழல் பதிவைப் போட்டேன். ஆம்ப்பின் பின்பக்கம் பார்க்காமல், நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். "தம்பி, மின்தடை உள்ள இருக்கு" என்றார். நான் எழுந்து போய்ப் பார்த்தேன். இருந்தது.